அம்மாவின்ர சங்கிலியும் ஃபுல் ஃபிரேமும்

ஒரு கலியாண வீட்டுக்குப் படமெடுக்கக் கேட்டு வந்தவர்கள், விலை கேட்க முதலே கேட்ட கேள்வி: “தம்பி, உங்கட கமரா ஃபுல் ஃபிரேமோ?” இல்லையெண்டு சொன்னேன். பிறகு கோல் வரேல்லை. அண்டிரவு அம்மா தன்ர சங்கிலியைக் கழட்டி மேசையில வைச்சா. “அடைவு வைச்சு வாங்கு தம்பி. உழைச்சு மீட்கலாம்.”

சங்கிலி இண்டைக்கும் அம்மாவின்ர கழுத்திலதான் கிடக்கு. ஏனெண்டு சொல்லுறன். இதே யோசனையோட எங்கட பீடத்தில கனபேர் இருக்கினம்.

ஃபுல் ஃபிரேம் சும்மா பகட்டு எண்டு நான் சொல்லவரேல்லை. அதன் சென்சர் 36×24 மில்லிமீற்றர். என்னுடைய கிறொப் சென்சர் ஏறத்தாழ 22×15. பரப்பில் இரண்டரை மடங்கு வித்தியாசம். இரவுத் திருவிழாவில் படம் புள்ளி புள்ளியாக உடைவது அதில் குறையும். அதோடு, என் கமராவில் 50 லென்ஸ் 80 போலத்தான் நடக்கும். விறாந்தையில் எட்டுப் பேரை நிறுத்தினால் என் முதுகு சுவரில் முட்டும்.

பிறகு ஒருநாள், தெரிந்த அண்ணா ஒருவரின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸை ஊர்க் கோயில் திருவிழாவுக்கு இரவல் வாங்கிப்போனேன். என்னை மடக்கியது சென்சர் இல்லை, வியூஃபைண்டர். என் டிஎஸ்எல்ஆரில் எடுத்து, பின்னால் பார்த்து, திருத்தி, திரும்ப எடுக்கிறதுக்குள்ள சுவாமி வீதி திரும்பிவிடும். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரிலோ, தீவட்டிக்கு முன்னால் நிற்கிறவரின் முகம் கறுக்கப்போகுது எண்டு அமத்த முதலே தெரிகிறது. இரண்டு வருசமாக விளங்காத வெளிச்சக் கணக்கு அந்தப் பின்னேரம் விளங்கியது.

ஆனால் அது ஃபுல் ஃபிரேமுக்கு மட்டும் உரிய வசதி இல்லை. 2018இல் வந்த கெனன் எம்50 கிறொப் கமராதான், அதிலும் இருக்கு. இரண்டும் ஒரே கமராவில் சேர்ந்து வருவதால், நாங்கள் இரண்டையும் ஒண்டெண்டு நினைக்கிறோம். படிக்கிறதுக்கு வியூஃபைண்டர் போதும். இருட்டு மண்டபங்களில் உழைக்கிறவருக்குத்தான் பெரிய சென்சர்.

உழைக்கிறதுக்கு எண்டாலும் கணக்குப் பாருங்கோ. 26 மெகாபிக்சல் உள்ள கெனன் ஆர்பியில் பழைய 18-55 கிறொப் லென்சை அடப்டரில் பூட்டினால் 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஆகவே லென்சும் வாங்கவேணும். வியூஃபைண்டர் பற்றரியைத் தின்னும்; மேலதிகமாக இரண்டாவது வேணும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, அடைவு வட்டி மட்டும் நிற்காது.

“சேர்த்து வாங்கலாம்தானே?” எண்டு கேட்பது லேசு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. ஆயிரம் டொலர் கமராவுக்குச் சேர்த்தவரின் இரண்டு இலட்சம், இரண்டே மாதத்தில் ஒண்டரை இலட்சத்துக்கு மேல் குறைவாகிப்போனது. காத்திருப்பதற்கும் விலை இருக்கு. அதனால் அடைவு வைக்கவே கூடாது எண்டு ஆருக்கும் சொல்லமாட்டன். போன வருசம் எத்தனை வேலை வந்தது, அதில் எத்தனை உங்கட கமராவால் கைவிட்டுப் போனது எண்டு ஒரு கொப்பியில் எழுதுங்கோ. எனக்கு வந்தது நாலு. போனது ஒண்டு. ஒண்டுக்காக அம்மாவின்ர கழுத்தை வெறுமையாக்க எனக்கு மனமில்லை.

இப்ப வியூஃபைண்டர் உள்ள பழைய கிறொப் மிரர்லெஸ் ஒண்டுக்குச் சேர்க்கிறன். இன்னும் இரண்டு வேலை வந்தால் காசு சரி. “ஃபுல் ஃபிரேமோ?” எண்டு திரும்ப ஆரும் கேட்டால், “இல்லை, முதல் படத்தைப் பாருங்கோ” எண்டு அல்பத்தை நீட்டுவேன்.