பஞ்சாயத்துக்கு சிங்கப்பூர் போகணுமா?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கிளையண்ட் கான்ட்ராக்டைப் புரட்டிக்கிட்டிருந்தேன். தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன், அதுவும் சிங்கப்பூர்லன்னு போட்டிருக்கு. அயனம்பாக்கத்துல இருந்து அம்பத்தூர் எஸ்டேட் போறதுக்கே நாக்கு தள்ளுது, இதுல சிங்கப்பூரா?

கோர்ட்டுக்குப் போகாம, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட நடுவர்கிட்ட தீர்ப்பு வாங்கறதுதான் ஆர்பிட்ரேஷன். இதுக்கு நாம ஒண்ணும் புதுசு இல்லீங்க. 1899 ஆர்பிட்ரேஷன் சட்டம் அமலுக்கு வந்த ஊர்கள்ல மெட்ராஸும் ஒண்ணு. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புக்கும் மதிப்பு கொடுக்கச் சொல்ற 1958 நியூயார்க் ஒப்பந்தத்துல 1960லயே சேர்ந்துட்டோம். சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையம் வேலையை ஆரம்பிச்சதே 1991லதான்!

அப்புறம் எங்கே கோட்டை விட்டோம்? 1996 சட்டப்படி, இங்கே சொன்ன தீர்ப்பை எதிர்த்து கோர்ட்ல மனு போட்டாலே போதும், பணம் வசூலிக்கறது தானா நின்னுடும். 2015 திருத்தம் வந்துதான் அது மாறுச்சு. பத்தொன்பது வருஷம்!

சென்னையிலயே 2005ல நானி பால்கிவாலா பேர்ல ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. நடுவருக்கும் பஞ்சமில்லை. ஜெயிச்சவன் கைக்குக் காசு சீக்கிரம் வருங்கற நம்பிக்கைக்குத்தான் பஞ்சம். அது வர்ற வரைக்கும் நம்ம பஞ்சாயத்து பிளைட் ஏறத்தான் செய்யும். நீங்க என்ன சொல்றீங்க?