வேம்பறிவை ஏட்டில் ஏற்றுக!

குதிரில் நெல்லோடு வேப்பிலை இட்டும், வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துப் பயிருக்குத் தெளித்தும் வாழ்ந்தது நம் உழவர் குடி. அக்கொட்டையின் ஆற்றலுக்குத் தலையாய கரணியம் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பொருளாகும். 35 கரியணுக்களும் 44 நீரக அணுக்களும் 16 உயிரக அணுக்களும் பிணைந்த கூட்டு அது. வெட்டுக்கிளி அதன் சுவை பட்ட இலையைத் தின்னாது; புழு உட்கொண்டாலோ, தோலுரித்து வளரச் செய்யும் ஊக்குநீர் தடைப்பட்டு மடியும். கேம்பிரிட்சு ஆய்வாளர் 22 ஆண்டுகள் முயன்று 2007-இல்தான் அதனைச் செயற்கையாய் ஆக்கி முடித்தனர். நம் கொல்லை வேம்போ ஆண்டுதோறும் ஆக்கி உதிர்க்கிறது!

இவ்வறிவு யாருடையது? வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேசு நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர் அதனை முன்பே கையாண்டமைக்குச் சான்று காட்டப்பெற்று, 2000-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுண்டது.

மகிழ்க, ஆயின் மயங்கற்க. மஞ்சள்தூள் புண்ணாற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. அயல்நாட்டார் வழக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் சான்றாகக் கொள்ளாது. அச்சேறிய எழுத்தையே கொள்ளும். 1953-இல் மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரை உள்ளிட்ட எழுத்துச் சான்றுகளாலேயே 1997-இல் அது வீழ்ந்தது. பாட்டியின் கைமருந்து அங்கே வாய் திறக்க இயலவில்லை, ஏடே பேசிற்று.

இந்திய அரசு 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம், சித்த மருத்துவத் தமிழ் நூற்செய்திகளையும் ஆங்கிலம், பிரஞ்சு, செருமன், எசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐம்மொழிகளில் பெயர்த்துக் காப்புரிமை ஆய்வாளர்க்கு அளிக்கிறது. நன்று. ஆயினும் அது காவலேயன்றிக் கல்வியாகாது. களவைத் தடுக்கும் பூட்டு, வீட்டிலுள்ளார்க்குச் சோறு இடாது. அசாடிராக்டின் வெயிலில் சில நாளிற் சிதையும். ஆதலின் மாலையில் தெளித்தலே தக்கது. இதனை உழவன் மகன் தன் தாய்மொழியில் படித்தறிய வேண்டாவா? அப்பொருளின் பெயரும் பாரசீகச் சொல்வழி வந்ததே. வேம்பு என்னும் நம் சொல் அதில் இல்லை.

ஆகவே, தமிழாசிரியரும் நிலைத்திணை கற்றாரும் வேதியியலாரும் முதிய உழவரும் ஊர்தோறும் ஒருங்கமர்க. எம்மூலிகை, எவ்வுறுப்பு, எப்பருவம், எவ்வளவு, அதனுள் உறையும் பொருள் யாது, அஃது ஆற்றும் வினை யாது என ஒவ்வொன்றையும் ஆய்ந்து, நல்ல தமிழில் எழுதி அச்சேற்றுக. எழுதாத அறிவு வேலியில்லாத் தோட்டம். முதியோர் மறையுமுன் எழுதுக; இன்றே எழுதுக!