நம் நிறம் திருத்த வேண்டிய பிழை அல்ல

ஃபேஷன் படிக்கிறேன் என்று நம் பிள்ளை ஒருத்தி சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் சிரிப்பு வருகிறது. ‘இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று ஊர்ப்பக்கம் சிரிக்கிறார்கள். ‘வன்கொடுமை வழக்குகளுக்கு ஓடவே ஆள் இல்லை, நீ கம்ப்யூட்டரில் பொம்மைக்குச் சட்டை மாட்டுகிறாயா’ என்று நம் பக்கத்துத் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். முதல் சிரிப்பு நமக்குப் பழகியது. இரண்டாவது சிரிப்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே. பாத்திரத்தைக் கழித்தால் மீதி ஏழும் துணி, முடி, நகை, பூ, குடை, செருப்பு பற்றியவை. படிப்பு, நிலம், கூலி மீதான தடைகள் 1931இல் வந்த அடுத்த பட்டியலில்தான் சேர்ந்தன. முதல் அடி நம் தோற்றத்தின் மீதுதான் விழுந்தது. நாம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் அற்ப விஷயமாக நினைக்கவில்லை. அப்படியிருக்க நாம் ஏன் அப்படி நினைக்க வேண்டும்?

பாபாசாகேப் அப்படி நினைக்கவில்லை. 1927 டிசம்பரில் மகத்தில் கூடிய பெண்களிடம், தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விடச் சொன்னார். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அதே மாநாட்டை ஒட்டித்தான் சேலைக் கட்டைப் பற்றியும் பேசினார். அவருடைய கோட்டும் டையும் இன்றைக்கும் சிலர் கண்ணை உறுத்துவது ஏன் என்று நமக்குத் தெரியும். இதைப் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2023இல் குஜராத்தின் பனஸ்காண்டா மாவட்டத்தில், நல்ல துணி உடுத்திக் கறுப்புக் கண்ணாடி போட்டதற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள்.

இந்த வரலாற்றோடுதான் நம் பிள்ளை ஃபேஷன் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குள் போகிறாள். அங்கே யாரும் தடை விதிக்க மாட்டார்கள். ‘கரெக்‌ஷன்’ என்று சொல்வார்கள். மாடலின் படத்தைத் திறந்து முகத்தை வழவழப்பாக்கு, கர்வ்ஸை ஏற்று, மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கு, இடுப்பைக் குறை என்பார்கள். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குத் திருத்துகிறோம் என்பதைப் பாடத்தில் யாரும் கேட்பதில்லை. நம்மூர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தால், நாம் கேட்காமலேயே வெளுப்பாக்கித் தருகிறார்களே, அதே வேலைதான் இங்கே விலை கூடிய மென்பொருளில் நடக்கிறது. 1975இல் வந்த முகக்கிரீம் ஒன்று 2020இல் தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று வைத்துக்கொண்டது. சொல் மாறிவிட்டது. லேபில் ‘க்ளோ’ கொடு என்றால் இன்னும் வெளுப்பாக்கு என்றுதான் பொருள்.

இதற்குத் தொழில்நுட்ப வரலாறும் இருக்கிறது. கோடாக் ஃபிலிம் காலத்தில் லேபுகள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்களின் முகமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே கணக்கு. டிஜிட்டல் கேமராவின் லைட் மீட்டர், எதிரே இருப்பதையெல்லாம் சராசரிச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகத்தை நிறுத்தினால், சுவரை அடக்குவதற்காக மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். உடனே ‘கறுப்பு, போட்டோவுக்கு எடுக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். முகத்தில் ஸ்பாட் மீட்டர் வைத்து அளந்தால், பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினால், நம் தோலின் செம்பும் பழுப்பும் நீலமும் அத்தனையும் படத்தில் ஏறும். இதைச் சொல்லிக்கொடுக்காத பாடத்திட்டம் பாதிப் பாடத்திட்டம்.

அடுத்தது ரசனை. ஸ்டைல் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்குகிற நம் பிள்ளைக்கு ஒரு சொல்தொகை வந்து சேர்கிறது. கிளாஸி, மினிமல், எலிகண்ட் ஒரு பக்கம். லோக்கல், ஓவர், கண்ணை அடிக்கிற கலர் இன்னொரு பக்கம். ‘லோக்கல்’ என்று சொல்கிறவர் எந்தத் தெருவை மனதில் வைத்துச் சொல்கிறார்? நம் அத்தைகள் திருவிழாவுக்குக் கட்டுகிற ரோஸ் நிறச் சேலை அவர்களுக்குப் பட்டிக்காடு. அதே ரோஸ் நிறம் வெளிநாட்டு மேடையில் நடந்தால் துணிச்சலான ரசனை. நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை. உடுத்தியவர் யார் என்பதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். சாதியைச் சாதி என்று சொல்லாமல் சொல்வதற்கு ‘டேஸ்ட்’ போல வசதியான சொல் வேறு இல்லை.

லேபில் கற்றுத்தரும் இன்னொரு வித்தை கிராப். தேவையில்லாததைப் படத்திலிருந்து வெட்டி எறிவது. ஃபேஷன் தொழில் யாரை வெட்டி எறிகிறது? 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடியதால் 2022இல் பாலியல் வன்முறைக்கு எதிரான திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் கைகள் தைத்த சட்டை எந்தெந்த நாட்டு விளம்பரத்திலோ மின்னுகிறது. கைகள் ஃபிரேமில் இல்லை. 2025 ஜூனில் மிலன் மேடையில் பிராடா நிறுவனம் கோலாப்பூரிச் செருப்பை அச்சு அசலாக நடக்க விட்டது. எங்கிருந்து வந்தது என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டது. அப்போது இங்கே எழுந்த தேசப் பெருமிதக் குரல்களிலும், தோலைத் தொடுவதாலேயே தீண்டத்தகாதவர்களாக ஆக்கப்பட்ட மக்களின் பெயர் எத்தனை பேர் வாயில் வந்தது? மிலனில் ஒரு கிராப், மும்பையில் இன்னொரு கிராப்.

ஆகவே ஃபேஷன் படிக்கிற தம்பி தங்கைகளே, கற்றுக்கொள்ளுங்கள். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் ஒன்றையும் விடாதீர்கள். ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட வழியில்லை என்றால் கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம். அடிப்படையை அவற்றிலேயே படித்துவிடலாம். ஒவ்வொரு படத்திலும் திருத்தும் முன் உள்ளதைத் தனியாகச் சேமித்து வையுங்கள், எதை அழித்தோம் என்று அது உங்களுக்குக் காட்டும். போர்ட்ஃபோலியோவில் மாடலின் பெயரோடு தைத்தவர், நெய்தவர், தோல் பதனிட்டவர் பெயரையும் போடுங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஆயாவின் கல்யாணப் போட்டோவை, தாத்தா முதன்முதலாகக் கோட்டுப் போட்டு நின்ற படத்தை ஸ்கேன் செய்யுங்கள். தூசியையும் கீறலையும் துடையுங்கள். முகத்தை வெளுக்காதீர்கள். நம்முடைய ஸ்டைல் வரலாறு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது: கறுத்த தோலுக்கு ஒளியமைப்பதை விருப்பப் பாடமாக ஒதுக்காமல் முதல் பாடமாக வையுங்கள். அரசிடம் கேட்பது: பட வேலைகளைத் தாங்குகிற கணினி இல்லாமல் இந்தப் படிப்பைப் படிக்க முடியாது. கல்வி உதவித்தொகை செமஸ்டர் முடிந்த பிறகு வந்தால் அந்தக் கணினியை எந்தக் காசில் வாங்குவது? இடஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தைக் கணினி இல்லாமல் காலி செய்ய வைப்பதும் ஒரு தடைதான்.

சிரிக்கிற தோழர்களிடம் சொல்வது: கூட்டத்துக்குப் போஸ்டர் வேண்டும் என்றால் இரவு பத்து மணிக்கு இந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறீர்கள். கூப்பிடுங்கள், வருவாள். ஆனால் போஸ்டர் செய்தால்தான் அவள் படிப்புக்கு மதிப்பு என்று நினைக்காதீர்கள். பூ வைத்ததற்கும் செருப்புப் போட்டதற்கும் நம் குடிசைகள் எரிந்திருக்கின்றன. அழகாக உடுத்த, அழகானதைச் செய்ய, அதை உலகத்துக்குக் காட்ட நம் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நம்மிடமும்கூட.

ஜெய்பீம்.