ஊருக்கு ஊர் பார்மசி கல்லூரி... படிச்சு முடிச்சா வேலை இருக்கா?

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் போனால் ஆஸ்பத்திரி இருக்கும் இடமெல்லாம் மெடிக்கல் ஷாப். நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்தால் குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் பார்மசி கல்லூரிகள். நீட் இல்லாமல் மருத்துவத் துறைக்குள் போக நினைக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கு டி.பார்ம், பி.பார்ம் படிப்புகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால், படித்து வரும் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா?

புதிய கல்லூரிகளுக்குத் தடை வந்ததே, என்ன ஆச்சு?

கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன என்று சொல்லி, 2019 ஜூலையில் இந்திய பார்மசி கவுன்சில் ஒரு முடிவு எடுத்தது. 2020-21 முதல் 5 ஆண்டுகளுக்குப் புதிய கல்லூரிகளுக்கு அனுமதி கிடையாது என்பதே அது. அரசு கல்லூரிகளுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் பிறகு விலக்கு தரப்பட்டது.

கல்லூரி நடத்த விரும்பியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம், 'இந்தத் தடை செல்லாது' என்றது. கல்வி நிறுவனம் தொடங்குவது அடிப்படை உரிமை. அதைக் கட்டுப்படுத்த சட்டம் வேண்டும், வெறும் நிர்வாகத் தீர்மானம் போதாது என்பதுதான் காரணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். 'இன்னும் நிறைய பார்மசிஸ்ட்கள் தேவை' என்று கோர்ட் சொல்லவில்லை. தடை போட்ட வழிதான் தப்பு என்றது. அதனால் 'இத்தனை பேருக்கு வேலை எங்கே' என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

போட்டி எங்கே இறுக்குகிறது?

1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். இதுதான் இந்தப் படிப்புக்கு இருக்கும் பலம். ஆனால் சின்னக் கடைக்கு ஒரு பார்மசிஸ்ட் போதும். கடைகளைவிட வேகமாகப் பட்டதாரிகள் பெருகினால் சம்பளம் ஏறாது. ஆன்லைன் மருந்து விற்பனையும் சின்னக் கடைகளை நெருக்குகிறது.

இன்னொரு பழைய புகார், சர்ட்டிபிகேட்டை மட்டும் வாடகைக்கு விடுவது. சுவரில் ஒருவர் பெயர் தொங்கும், மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேறு ஆள். இதில் வேலை இழப்பது படித்தவர். மாத்திரை மாறிப்போனால் பாதிக்கப்படுவது நோயாளி.

வேறு வழி இருக்கா?

இருக்கு. மருந்து உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, மருத்துவமனை பார்மசி போன்றவை பி.பார்ம் படித்தவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. சொந்தக் கடை வைக்க நினைப்பவர்களுக்கு முதல்வர் மருந்தகம் திட்டம் வந்தது. 2025 பிப்ரவரி 24-ல் தமிழகம் முழுக்க 1,000 மருந்தகங்கள் திறக்கப்பட்டன.

சேருவதற்கு முன் என்ன பார்க்கணும்?

* நீங்கள் சேரும் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் பார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? அது இல்லாத படிப்பை வைத்து பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது.
* ஆய்வகம், பயிற்சிக்கு மருத்துவமனை இருக்கிறதா?
* டி.பார்ம் என்றால், 2022 விதிமுறைகள் கொண்டுவந்த எக்ஸிட் தேர்வு பற்றிக் கல்லூரி என்ன சொல்கிறது?
* கடந்த 2 பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்குக் கல்லூரி தரும் நோட்டீஸை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே படித்து முடித்த நாலு பேரிடம் பேசிப் பாருங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.