கட்டாத ஃபீஸை கணக்குல காட்டாதீங்க

ஜூலை மாசம் வந்தா நம்ம பல பேர் வீட்டுல ஒரே காட்சிதான். அப்பா ஃபார்ம் 16-ஐ பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு, தெருமுனையில 'டேக்ஸ் போட்டுத் தர்றவர்'கிட்ட போவார். அவர் கேக்குறது ரெண்டே கேள்வி: "பையன் இன்ஜினியரிங்கா? ஃபீஸ் எவ்ளோ?" பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். ஓடிபி மட்டும் உங்க போனுக்கு வரும். நீங்க கேன்டீன்ல உக்காந்துக்கிட்டே ஆறு நம்பரையும் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க.

போன வருஷம் மூலக்கொத்தளத்துல எங்க வீட்டுல அந்த ஓடிபியை சொன்னது நான்தான். ரெண்டு நாள் கழிச்சு சும்மா அந்த ரிட்டர்னை இறக்கிப் பார்த்தேன். 80சி-யில என் ஃபீஸ் முழுசா இருந்தது. எனக்கு வந்த முதல் பட்டதாரி சலுகை, காலேஜ் பஸ் காசு எல்லாமே அதுக்குள்ள. 80இ-யில கல்விக் கடன் வட்டின்னு ஒரு தொகை. நாங்க எந்த பேங்க்லயும் கல்விக் கடன் வாங்கல. அம்மாவோட செயின் அடகுக் கடையில இருக்கு, அவ்வளவுதான். லோன் அக்கவுன்ட் நம்பர் கேக்குற கட்டத்துல ஏதோ ஒரு நம்பர் போட்டிருந்தாங்க.

அப்பாகிட்ட கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான்டா பண்றாங்க" என்றார். இந்தக் கட்டுரை அந்த 'எல்லாரும்' பற்றித்தான்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் ஏஜென்ட்டுகள்தான் இலக்கு. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. தவறாகப் பயன்படுத்தப்பட்டவை என்று துறை பெயர் சொன்ன பிரிவுகளில் 80இ-யும் ஒன்று. அதற்கு முந்தைய நாலு மாசத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளை தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 'எல்லாரும்' என்பது எவ்வளவு பெரிய கூட்டம், பாருங்க! மாட்டினால், தவறாகக் காட்டி மிச்சம் பிடித்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம். நோட்டீஸ் வருவதும் ஏஜென்ட் பேருக்கு இல்ல, உங்க அப்பா பேருக்கு.

சரி, எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது?

80சி-யில் ரெண்டு பிள்ளைகள் வரைக்கும், இந்தியாவில் முழுநேரமாகப் படிப்பதற்குக் கட்டிய டியூஷன் ஃபீஸை மட்டும் காட்டலாம். டெவலப்மென்ட் ஃபீஸ், நன்கொடை, ஹாஸ்டல், பஸ் எதுவும் சேராது. பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 1.5 லட்சம். 80இ-யில் பேங்க் மாதிரி அங்கீகாரம் பெற்ற இடத்தில் வாங்கிய கல்விக் கடனுக்கு, அந்த வருஷம் உண்மையிலேயே கட்டிய வட்டியை மட்டும் காட்டலாம். அசல் சேராது. எட்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. இந்த ரெண்டுமே பழைய வரி முறையில் மட்டும்தான். படிப்புக்காக வரும் உதவித்தொகைக்கு வரி கிடையாது.

இதுல நாம ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒரே வார்த்தை: கட்டிய. ரசீதுல 50,000 இருக்குன்னு வெச்சுக்குவோம். அதுல 25,000 முதல் பட்டதாரி சலுகையா கழிஞ்சா, அப்பா கட்டினது 25,000தான். 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்ந்து ஃபீஸ் முழுக்க அரசே கட்டினா, அப்பா காட்ட வேண்டியது பூஜ்யம். கல்விக் கடன் வட்டியை அரசு மானியமா ஏத்துக்கிட்டா, அந்த வட்டியும் நம்மளது இல்ல. மக்கள் வரிப்பணத்துல ஒரு தடவை நமக்கு ஃபீஸ் கட்டியாச்சு. அதே பணத்தைக் காட்டி இன்னொரு தடவை ரீஃபண்ட் கேக்குறது சாமர்த்தியம் இல்ல.

இதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு. 2025-26 நிதியாண்டுக்கு 9 லட்சம் சம்பளம் வாங்குற ஒருத்தரை எடுத்துக்குவோம். பழைய முறையில 80சி-யை முழுசா 1.5 லட்சம் காட்டினாலும் வரி 54,600 ரூபாய். அதை பூஜ்யமாக்கணும்னா இன்னும் 2 லட்சத்துக்குப் பொய் சொல்லணும். புதிய முறையில ஒரு பொய்யும் சொல்லாமலே வரி பூஜ்யம்! ஏன்னா 75,000 நிலைக்கழிவு போக, 12 லட்சம் வரை வரி வராது. நிஜமாவே பெரிய கடன் வட்டி கட்டுறவங்களுக்கு பழைய முறை லாபமா இருக்கலாம். ரெண்டையும் போட்டுப் பாக்க வருமான வரி இணையதளத்துலயே கால்குலேட்டர் இருக்கு. கால்குலஸ் போடுற நமக்கு இது ஒரு கணக்கா?

அப்போ சட்டம் எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டா, இல்ல. என் மூணாவது செமஸ்டர் ஃபீஸை கட்டினது பாலிடெக்னிக் முடிச்சு வேலைக்குப் போற எங்க அக்கா. அவங்களுக்கு 80சி-யும் கிடையாது, 80இ-யும் கிடையாது. தம்பி, தங்கச்சியை சட்டம் கணக்கிலேயே எடுக்கல. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனை வீட்டுல அண்ணனும் அக்காவும் படிக்க வெக்கிறாங்கன்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரியாது போல. அடகுக் கடையில கட்டுற வட்டிக்கும் எந்தக் கழிவும் இல்ல. பேங்க் கதவு திறக்காதவங்கதான் அங்க போறாங்க. இது அநியாயம்னு நான் நினைக்கிறேன். ஆனா அம்மா செயினை 'பேங்க் லோன்'னு எழுதிட்டா அந்த அநியாயம் யார் கண்ணுக்கும் தெரியாமலே போயிடும். தாளுல எல்லாருக்கும் கல்விக் கடன் கிடைச்ச மாதிரி ஆயிடும். உண்மையை எழுதினாத்தான், இது மாறணும்னு வெளிப்படையா கேக்க முடியும்.

காலேஜ்கிட்டயும் ஒண்ணு கேக்கலாம். அமெரிக்காவுல பெரும்பாலான மாணவர்களுக்கு காலேஜே வருஷா வருஷம் 1098-டி என்று ஒரு படிவம் தருது. அதுல கட்டிய ஃபீஸ் ஒரு கட்டத்துல, உதவித்தொகை இன்னொரு கட்டத்துல தனித்தனியா இருக்கும். நம்ம ரசீதுலயும் டியூஷன் எவ்ளோ, சலுகை எவ்ளோ, மத்தது எவ்ளோன்னு மூணு வரி பிரிச்சுப் போட்டா போதும். மாணவர் மன்றக் கூட்டத்துல அஞ்சு நிமிஷத்துல வெக்கிற கோரிக்கை இது.

எங்க வீட்டுல திருத்தின ரிட்டர்ன் போட்டோம். வர வேண்டிய ரீஃபண்ட் குறைஞ்சது. அப்பா ஒரு வாரம் சரியா பேசல. இந்த ஜூலையில ஏஜென்ட்கிட்ட போறதுக்கு முன்னாடி கவரை என்கிட்ட நீட்டி, "நீயே பாருடா" என்றார்.

உங்க போனுக்கும் அந்த ஓடிபி வரும். சொல்றதுக்கு முன்னாடி ரிட்டர்னை ஒரு தடவை திறந்து பாருங்க. அந்த ஆறு நம்பர் உங்க அப்பாவோட கையெழுத்து.