குழந்தைக்கு என்ன புரியும்?

மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்து வரும் பெரியவர்களிடம் மூன்று பேச்சுகள் வழக்கமாகப் புழங்குகின்றன. "ஊசி வலிக்கவே வலிக்காது" என்பது ஒன்று. "அழுதால் டாக்டர் பெரிய ஊசியாகப் போட்டுவிடுவார்" என்பது மற்றொன்று. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று குழந்தையின் எதிரிலேயே நோயைப் பற்றி விவாதிப்பது மூன்றாவது. இம்மூன்றும் அன்பினாலும் பதற்றத்தினாலும் வருபவையே. ஆயினும் மூன்றையும் கைவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குழந்தையின் சிந்தனையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980). பாரிசில் சிறுவர்களுக்கான அறிவுத்திறன் தேர்வுப் பணியில் இளமையில் ஈடுபட்டிருந்தபோது, ஒரே வயதுச் சிறுவர்கள் ஒரே வகையான தவறான விடைகளைத் தருவதை அவர் கவனித்தார். குழந்தை குறைவாக அறிந்த பெரியவர் அன்று. அது வேறு விதமாகச் சிந்திக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். பிறப்பு முதல் இரண்டு வயது வரை, இரண்டு முதல் ஏழு வரை, ஏழு முதல் பதினொன்று வரை, அதற்கு மேல் என நான்கு நிலைகளை வகுத்தார்.

பருவம் பிரித்துக் குழந்தையைக் காண்பது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியம் மூன்றாம் மாதக் காப்புப் பருவம் தொடங்கிப் பத்துப் பருவங்களை வகுத்துள்ளது. ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணிப் பருவம். நம் முன்னோர் உடலசைவைக் கண்டு பிரித்தார்கள். பியாஜே சிந்தனையைக் கண்டு பிரித்தார்.

முதல் நிலையில் குழந்தை கண்ணாலும் கையாலும் வாயாலும் உலகை அறிகிறது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதே அதற்கு மெல்ல மெல்லத்தான் தெளிகிறது. தாய் அறையை விட்டு அகன்றால், அவர் திரும்பி வருவார் என்பதை அதனிடம் சொல்லி விளக்க இயலாது. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமாக எடுத்துக் காட்டினார். குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்குக் கட்டுப்பாடு கூடாதென்று 1959-இல் பிரிட்டனின் பிளாட் குழு பரிந்துரைத்தது. நோயாளியோடு ஒருவர் துணைக்கு இருப்பது நம் ஊர்களில் இயல்பான வழக்கம். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். கைக்குழந்தைக்குப் பழகிய மடியும் பழகிய குரலும் பெரும் ஆறுதல்.

இரண்டு முதல் ஏழு வயது வரையிலான நிலையே மருத்துவமனையில் மிகுந்த கவனத்தை வேண்டுவது. இவ்வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரிவதை நம்புகிறது. ஒரே அளவுத் தண்ணீரை அகன்ற பாத்திரத்திலிருந்து குறுகிய நீண்ட குவளைக்கு மாற்றினால் நீர் கூடிவிட்டதாகச் சொல்கிறது. அதே மருந்து குறுகிய மூடியில் மலைபோலத் தோன்றுவதும் அதனால்தான். பெரிதினும் முக்கியமானது ஒன்று உண்டு. தவறு செய்தால் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று இவ்வயதினர் எண்ணுவதை 1932-இல் வெளிவந்த நூலில் பியாஜே எடுத்துக்காட்டினார். சொன்ன பேச்சைக் கேட்காததால் காய்ச்சல் வந்தது, தம்பியை அடித்ததால் கால் முறிந்தது என்று குழந்தை தனக்குள் முடிவு கட்டிவிடக்கூடும். அதனிடம் ஊசியைக் காட்டி மிரட்டினால், சிகிச்சையும் ஒரு தண்டனையே என்று உறுதியாகிவிடும். பிறகு வயிறு வலித்தாலும் வாய் திறவாது. வலியை மறைக்கும் குழந்தையின் நோயைக் கண்டறிவது எவருக்கும் கடினம். ஆகவே, "உன் மேல் தவறு இல்லை, எறும்பு கடித்தாற்போலச் சிறிது நேரம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஏழு வயதுக்கு மேல் காரணமும் விளைவும் பிடிபடுகின்றன. ஆனால் கண்முன் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை படியும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல் தேய்க்காததால் வந்த கறை என்று எட்டு வயதுச் சிறுவனைக் கடிந்துகொள்வதை விட, ஆழ்துளைக் கிணற்று நீரையும் குழாய் நீரையும் காட்டி விளக்கினால் அவன் புரிந்துகொள்வான். எந்த நீரைக் குடிப்பது என்பதிலும் ஒத்துழைப்பான்.

வளரிளம் பருவத்தில் "இப்படி ஆனால் என்ன ஆகும்?" என்ற கேள்வி பிறக்கிறது. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் உடன் வருகிறது. அமெரிக்க அறிஞர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதனைக் 'கற்பனைப் பார்வையாளர்' என்றார். கறை படிந்த பல்லை மறைக்கச் சிரிப்பதையே நிறுத்தும் பிள்ளையை இதனால் புரிந்துகொள்ளலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை அருகில் இருக்க, அவர் நோயைப் பற்றிப் பெற்றோரிடம் மட்டும் பேசுவது முறையன்று. மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க அவருக்கு இடம் தாருங்கள்.

இந்நிலைகள் நாட்காட்டித் தேதிகள் அல்ல. பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்த ரஷ்ய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை தனியே செய்ய இயலாததை அறிந்தவர் துணையோடு செய்யும் என்றார். அத்துணையே நாளைய திறனாகிறது. தாத்தா பாட்டியின் பொறுமையான பேச்சுக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும். நீண்டகால நோய் குழந்தையை விரைவாகவும் கற்பிக்கிறது. இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவர்களோடு பழகி ஆய்வு செய்த மைரா புளூபாண்ட்-லாங்னர், எவரும் சொல்லாத நிலையிலும் அவர்கள் தம் நோயின் கடுமையை அறிந்திருந்ததை 1978-இல் எழுதினார். பெற்றோர் வருந்துவர் என்று அறியாதவர்போல் இருந்தனர்.

"சொன்னால் பயந்துவிடுமே" என்று சிலர் கேட்பர். அந்த அச்சம் நியாயமானதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதற்கு, கேட்ட அளவுக்கு, பொய்யின்றிச் சொன்னால் போதும். சொல்லாது விட்ட இடத்தைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். அக்கற்பனை பெரும்பாலும் உண்மையை விடக் கொடியது.

பேச்சிலோ நடையிலோ விளையாட்டிலோ குழந்தை பின்தங்குவதாகத் தோன்றினால், "அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். பிறப்பு முதல் 18 வயது வரையிலான சிறாரைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் நடைபெறுகிறது. மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறிந்து, அன்று குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் அனுப்பிவையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படுமுன், எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், அங்கே என்ன நடக்கும் என்ற மூன்றையும் குழந்தையின் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லி அழைத்து வாருங்கள். மற்றதை நாங்களும் நீங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.