மணிச்சத்தும் மேற்கோள் எண்ணும்



சம்பா நடவு நெருங்கும் நாட்களில், ஆண்டுதோறும் ஒரு பட்டியல் செய்தியாகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழுவினர் வெளியிடும் உலகின் முன்னணி 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியல் அது. நம் பக்கத்துப் பேராசிரியர் யாராவது அதில் இடம்பெற்றால் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் எழுகிறது, நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது. மனம் நிறைகிற செய்திதான். ஆனால் இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், எச் குறியீடு இவ்வளவு என்று படித்துவிட்டு, 'சரி, அவர் என்னதான் கண்டுபிடித்தார்?' என்று தேடினால் பெரும்பாலும் ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

எச் குறியீடு 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவருக்கு அது 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகளாவது தலா 20 முறைக்குக் குறையாமல் மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். கணக்கில் தவறில்லை. அது எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதற்கு ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் நம் காவிரி டெல்டாக்காரர் அல்ல. ஆனாலும் டெல்டாவுக்கு அவரோடு பழைய உறவு உண்டு.

யெல்லப்பிரகட சுப்பாராவ், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவிட்டு, அமெரிக்காவின் ஹார்வர்டுக்குக் கப்பலேறினார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1925ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை. புரதம் நீக்கிய மாதிரியில் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்து, ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றை விட்டால் திரவம் நீலமாகும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். நீல நிற உத்தி முன்பே இருந்தது. அதை விரைவாகவும் நம்பகமாகவும் ஆக்கியவர்கள் இந்த இருவர். உயிர்வேதியியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று இது. தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் தாமதமாகத் தோன்றியது. ஏன் என்று விடாமல் துருவியதில் கிடைத்ததுதான் பாஸ்போகிரியேட்டின். தசை சுருங்குவதற்கு உடனடி ஆற்றல் தரும் பொருள் அது.

அடுத்த முறை மண்வள அட்டை கைக்கு வந்தால், தழைச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் நடுவில் மணிச்சத்து என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். அதுவும் பாஸ்பரஸ்தான். மண் பரிசோதனை நிலையத்தில் அதை அளப்பதும் இதே மாலிப்டினம் நீல வகை உத்தியில்தான். டி.ஏ.பி. எத்தனை மூட்டை போடலாம் என்று அந்த நீலத்தை நம்பி முடிவெடுக்கும் விவசாயி எந்த ஆய்விதழிலும் எழுதப்போவதில்லை. எனவே எந்த மேற்கோள் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

இன்னொன்று, இதைவிட நெருக்கமானது. கும்பகோணம் என்றால் வெற்றிலைக்கு அடுத்து யானைக்கால் நோயைச் சொன்ன காலம் உண்டு. சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் நோய். அதன் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் தலைகாட்டும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். பிறகு வீட்டுக்கே வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரை, ஹார்வர்டுக்குப் பிறகு சுப்பாராவ் பணியாற்றிய லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவானது. பழைய மருந்துக்கடைக்காரர்களிடம் ஹெட்ரசான் என்று கேட்டால் தெரியும். வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. ஆனால் ரத்தத்தில் உள்ள நுண்புழுவைக் கொன்று, அடுத்த வீட்டுக்கு நோய் போகாமல் தடுக்கும். 1947ல் அதை அறிவித்த கட்டுரையில் முதல் பெயர் ஹெவிட், சுப்பாராவ் கடைசி.

அமினோப்டெரின் என்ற மருந்தும் அதே ஆய்வகத்தில் பிறந்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து நோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததை 1948ல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். ஆசிரியர்களில் சுப்பாராவ் இல்லை. அவர் காலமானதும் அதே ஆண்டில்தான், 53 வயதில். ஹார்வர்டில் அவர் செய்த வேலைகள் சிலவற்றை ஃபிஸ்கே வெளிவரவிடவில்லை என்றும், பின்னால் மற்றவர்கள் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அங்கே உடனிருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். 1988ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

வெளியிடாத கட்டுரைக்கு ஏது மேற்கோள்? சுப்பாராவை மேற்கோள் எண்ணால் மட்டும் அளந்தால் ஒரு அளவுமுறைக்காரராகத்தான் பெரிதாகத் தெரிவார். யானைக்காலும் குழந்தைகளின் புற்றுநோயும் எண்ணுக்குப் பின்னால் போய்விடும்.

மேற்கோள் எண் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு கட்டுரை மற்றவர்களுக்குப் பயன்பட்டதற்கு அது நல்ல சான்று. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அதையே தராசாக்கும்போதுதான் வினை. ஒரே ஆய்வை நாலாகக் கூறு போடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகுகின்றன. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் நீக்கியதை நான் வரவேற்கிறேன். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நின்று யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை நம் மாவட்டங்களின் ஆய்வாளர்களுக்கு ஒதுக்குகிறோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எங்கிருந்தாலும் எழுதுங்கள். உங்கள் கட்டுரைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, கேள்வி என்ன, எப்படித் தேடினீர்கள், என்ன தெரிந்தது, எது இன்னும் பிடிபடவில்லை என்று 300 சொற்களுக்குள், உங்கள் அம்மாவுக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். மேற்கோள் எண்ணிக்கை வேண்டாம். ஆய்வகத்தில் உடன் நின்ற மாணவர்கள், உதவியாளர்கள் பெயரை அவசியம் சேர்த்து அனுப்புங்கள். அத்தனை பெயர்களையும் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்